மழைக்காலத்தில் விளைந்த படிகம்

பிள்ளையார்பாளையத்தில் தையல்நாயகி என்று பெயர் சொல்லிக் கேட்டால் யோசிப்பார்கள். "காலேஜ் கெமிஸ்ட்ரி அம்மா" என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள். பட்டு நெய்யும் குடும்பத்துப் பெண். அவளும் நானும் ஒரே கல்லூரியில் வேதியியல் நடத்தினோம். 1966இல் அவள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். சிலிக்கனைக் கரிமப் பொருள்களோடு இணைத்துப் புதிய சேர்மங்கள் செய்வது அவள் ஆராய்ச்சி. சிலிக்கன் மணலிலிருந்து வருவது. அதனால் மணலைக் கயிறாகத் திரிக்கிறாள் என்று கேலி செய்வேன். கோபித்துக்கொள்ள மாட்டாள்.

உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறைதான் அவள் ஆய்வுக்கூடம். சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய், வழிகாட்டிப் பேராசிரியர் கலியாணசுந்தரத்தைப் பார்த்துவிட்டு வருவாள். 1969இல் அவளுடைய குடுவையில் வெள்ளைப் படிகம் ஒன்று விழுந்தது. யாரும் அதுவரை செய்யாத சேர்மம் என்று வெளிநாட்டு இதழில் கட்டுரை வந்தது. கல்லூரி நிர்வாகம் கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தியது. ஒரு கண்ணாடிக் குடுவை வாங்கித் தரச் சொன்னால் இரண்டு வருஷம் இழுத்தடிப்பவர்கள், சால்வையை மட்டும் இரண்டே நாளில் வாங்கிவிட்டார்கள்.

அந்தப் படிகத்துக்கு ஒரு வினோதக் குணம் இருந்தது. சித்திரை வெயிலில் ஒரு சிட்டிகைதான் வரும். ஐப்பசி மழையில், தறிக்குழிகளில் தண்ணீர் ஊறும் நாளில், அரை ஸ்பூன் தேறும். எவ்வளவு இறுக்கி மூடினாலும் துளி கசிந்துவிடும் காற்றின் ஈரம்தான் உதவுகிறது என்று ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் எழுதினாள் தையல். நானும் படித்துவிட்டுப் பிரமாதம் என்றேன்.

1972 புரட்டாசியில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். தை மாதக் கடைசியில் வாய்மொழித் தேர்வு. ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் அர்ஜுனன், திண்டிவனத்துப் பையன், வடநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவன். "அம்மா, உங்கள் கட்டுரையில் உள்ளபடியே ஒன்றரை வருடமாகச் செய்கிறேன். படிகம் வரவில்லை. நான் எங்கே தவறுகிறேன்?" என்று கேட்டிருந்தான். அவனுக்குத் துல்லியமாகச் சொல்லவேண்டும் என்று தையல் மறுபடியும் செய்து பார்த்தாள். வரவில்லை. மூன்று முறை செய்தாள். வெளியே நல்ல மழை. குடுவையில் ஒன்றுமில்லை.

நான்காம் நாள் ஆசிரியர் அறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பெரியநாயகி, அது நான் சொன்ன சேர்மமே இல்லம்மா. எல்லாம் கிரீஸு."

"என்னாம்மா சொல்ற?"

"காத்து உள்ள போவாம இருக்க மூடியில தடவுறோமே, அந்த கிரீஸு. கலியாணசுந்தரம் சார் வெளிநாட்டுலேர்ந்து வந்த ட்யூப் ஒண்ணு குடுத்தாரு இல்ல, அது போன வாரம் தீந்துபோச்சு. இந்தத் தடவை நம்ம வாசலினைத் தடவினேன். படிகம் வர்லே." மூச்சு வாங்கினாள். "அந்த கிரீஸும் சிலிக்கன் பண்டந்தான். குடுவை கொதிக்கச்சொல்ல ஆவி மேல போயி அதைக் கழுவிக்கினு எறங்குது. கீழ இருக்கிற சரக்கு அதை ஒடைச்சு தன்னோட சேத்துக்குது. மழைன்னா ஈரம் பூந்துடுமேன்னு நான்தான் அப்பி அப்பி வச்சேன். அதான் மழையில நெறைய வந்துது."

ஆறு வருஷ உழைப்பு. அவள் அப்பா குமாரசாமி ஆயுசு முழுக்கக் கடைக்காரர்களுக்கே நெய்தவர். மகள் பட்டம் வாங்கும் நாளுக்கென்று முதன்முறையாக வீட்டுக்கு ஒரு அரக்குப் புடவை தறியில் ஏற்றியிருந்தார்.

"இப்ப வாயத் தெறக்காத. வைவா முடியட்டும், பட்டம் கைக்கு வரட்டும். அப்பறம் எழுதிக்கலாம். மூணு மாசத்துல யாரு குடி முழுகிடப் போவுது?" என்றேன்.

அவள் என் பேச்சைக் கேட்டாள். அர்ஜுனனுக்குப் பதில் போடவில்லை. கார்த்திகையில் அவனிடமிருந்து ஒரு கார்டு வந்தது: "தொந்தரவுக்கு மன்னிக்கவும். ஒரு வரி எழுதினாலும் உதவியாக இருக்கும்." அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். சாப்பாடு இறங்கவில்லை. அப்போதும் நான் பொறுத்துக்கொள் என்றுதான் சொன்னேன்.

பொங்கல் கழிந்த மறுவாரம், என்னிடம்கூடச் சொல்லாமல் சென்னைக்குப் போய் ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். பேராசிரியர் கத்தித் தீர்த்தாராம். தன் கட்டுரை தவறு என்று இதழுக்கு அரைப் பக்க மறுப்பு எழுதினாள். அர்ஜுனனுக்கு நான்கு பக்கம் எழுதினாள். இரண்டையும் ஒரே நாளில் தபாலில் சேர்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அவளோடு நானும் போனேன்.

"பட்டம் வராதாம்மா?" என்று கேட்டார் குமாரசாமி.

"வராதுப்பா."

அவர் தறியில் ஏறியிருந்த புடவையைத் தடவிப் பார்த்தார். "சரி. பொடவை கடைக்குப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். அவள் சமையற்கட்டுக்குப் போய் அழுதாள்.

அதன்பிறகும் அந்த அறையை அவள் விடவில்லை. கடன் வாங்கிய புத்தகங்களும் வாசலினுமாக இன்னும் ஆறு வருஷம் சிலிக்கனோடு மல்லுக்கட்டினாள். சின்னச் சின்னதாய் மூன்று கட்டுரைகள் வந்தன, மூன்றும் சரியானவை. பெயருக்கு முன்னால் எதுவும் சேரவில்லை. அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. அவள் வருத்தம் வேறு.

அர்ஜுனனின் பதில், அவள் கடிதம் போட்ட அந்த வருஷப் பங்குனியிலேயே வந்தது, திண்டிவனத்திலிருந்து. அவள் பிரித்துப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"உங்கள் கடிதம் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. மார்கழி முடிவதற்குள் ஆய்வுக்கூடத்தை விட்டு வந்துவிட்டேன். சோதனைக்கூட வேலைக்கு என் கை லாயக்கில்லை என்று அங்கே என் பேராசிரியர் சொன்னார், நானும் நம்பினேன். கிரீசை எப்போதும் ஒரு பொட்டுக்கு மேல் தடவமாட்டேன், மிச்சத்தைத் துடைத்துவிடுவேன். சுத்தமாகச் செய்ததால்தான் வரவில்லை என்று இப்போது தெரிகிறது. என் இடத்தில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். மாமாவின் மளிகைக்கடையில் இருக்கிறேன். என்மேல் தப்பில்லை என்று எழுதியதற்கு நன்றி."

படித்து முடித்தேன். தையல் கடிதத்தை வாங்கி மடித்தாள். அன்றும் சரி, பிறகும் சரி, என்னை அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. மார்கழிக்கு முன்பே அந்தக் கடிதம் போயிருக்கும். போகவிடாமல் தடுத்தவள் நான்.