குமிழில் வைத்த சந்தனம்

எங்கள் வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலி ரயிலடியில் குமாஸ்தா வேலை. பகல் முழுக்க ரயிலைப் பார்த்தது போதாதென்று வீட்டுக்குள்ளும் ஒன்று ஓட்டிப் பார்க்க அவருக்கு ஆசை வந்துவிட்டது. நான் கல்யாணமாகி வந்த முதல் நவராத்திரி அது. மற்ற வீடுகளில் கொலுப் படிக்குக் கீழே மண்ணைப் பரப்பி, கேழ்வரகு முளைக்க வைத்து, குளம் கட்டி, இரண்டு வாத்துப் பொம்மை மிதக்க விடுவார்கள். எங்கள் வீட்டில் வாத்துக்குப் பதில் ரயில்.

எஞ்சின் மட்டும் சீமையிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்தது. முழ நீளம்கூட இருக்காது. பித்தளைக் கொதிகலன், அடியில் எரிசாராயம் ஊற்றிய சின்ன விளக்கு. மற்றதெல்லாம் அவர் கைவேலை. பஞ்சுப் பொதியைச் சுற்றி வரும் இரும்புப் பட்டையை நிமிர்த்தித் தண்டவாளம். பனஞ்சட்டத்தை நறுக்கிக் குறுக்குக் கட்டை. சுருட்டுப் பெட்டிகள்தான் வண்டிகள். நூலை இழுத்தால் கை இறங்கும் கைகாட்டி. செங்கோட்டைக்கு அப்பால் புதிதாக மலையைக் குடைந்து பாதை போட்டிருந்தார்கள் அல்லவா, அதைப் போல வண்டல் மண்ணில் ஒரு மலையும் குகையும். ஸ்டேஷன் காகித அட்டை. வேலம்பிசினைக் கரைத்து ஒட்டியது. தாமிரபரணிக்கு என் சீர்த் தாம்பாளம்! நாங்குநேரியிலிருந்து என் அம்மா தேய்த்துத் துடைத்துக் கொடுத்துவிட்டது, பாலத்துக்கு அடியில் தண்ணீரைச் சுமந்துகொண்டு கிடந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவும் கூடாது. மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் குரல் கேட்கக்கூடாது. அவர் முன்னால் புருஷனோடு பேசுவது அதைவிடப் பெரிய குற்றம். எதுவானாலும் மாமியார் காதில் போட வேண்டும், அவர் எடுத்துச் சொல்வார். வந்த நான்கு மாதத்தில் மாமனார் என் குரலைக் கேட்டதே இல்லை. என் வெண்கலக் குரலைக் கேட்டிருந்தால் அந்த வழக்கத்தை அவரே மெச்சியிருப்பார்.

மாமனாருக்கு ஒரு கண் பூவிழுந்து போயிருந்தது. மற்றதை வைத்துத்தான் எல்லாம். அதனால் எதைப் பார்த்தாலும் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்துதான் பார்ப்பார். தட்டில் இருப்பது தோசையா இட்லியா என்பதைக்கூட அப்படித்தான் முடிவு செய்வார்.

ஆயுத பூசையன்று காலையில் மாமியார் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

"ஏளா, அருவாமணை, அம்மி, மாமா ஊன்றுகம்பு, எல்லாத்துக்கும் பொட்டு வையி. அந்த ரயிலுக்கும் வையி. அதுவும் ஆயுதந்தான்."

அரிவாள்மணைக்கு வைத்தேன், நின்றது. எஞ்சினுக்கு வைத்தால் காய்ந்ததும் உதிர்ந்து விழுந்தது. பளபளவென்று தேய்த்த பித்தளையில் சந்தனம் பிடிக்குமா? எனக்கு மூளை அதிகம். ஸ்டேஷனை ஒட்டிய பிசினில் மிச்சம் இருந்தது. அதைச் சந்தனத்தில் குழைத்து அப்பினேன். எஞ்சினின் உச்சியில் ஒரு குமிழ் இருந்தது, பொம்மைத் தலை மாதிரி. சாமிக்கு நெற்றியில் வைக்காமல் வேறெங்கே வைப்பது? இருக்கிறதிலேயே பெரிய பொட்டு அதற்குத்தான். நெருப்பில் போட்டாலும் உதிராது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. தெருப் பெண்கள் எல்லாம் வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் எஞ்சினை ஈரத் துணியால் துடைத்தார். மேல் பொட்டெல்லாம் போயிற்று. சந்தனமும் பித்தளையும் ஒரே நிறம், அதனால் குமிழின் கழுத்தில் இறுகிக் கிடந்ததை அவர் பார்க்கவில்லை. நானும்தான். வெந்நீர் ஊற்றி விளக்கை ஏற்றினார். மாமனார் சப்பணமிட்டு, எஞ்சின்மேல் முகத்தைக் கவிழ்த்தார்.

"அப்பா, கொஞ்சம் தள்ளி இருங்க."

"ஏலே, தள்ளி இருந்தா எனக்கு என்னத்தத் தெரியும்? ரெண்டு கண்ணா வச்சிருக்கேன்? ஆமா, இந்தக் குமிழு எதுக்குலே?"

"அதுதாம்பா இதுக்கு உசுரு. உள்ள ஆவி மிஞ்சிப் போச்சுன்னா இது பைய எந்திரிச்சு உஸ்ஸுன்னு வெளிய விட்டிரும். அந்தச் சத்தம் கேட்டதும் வண்டிய விடுவேன்."

"எந்திரிக்கலன்னா?"

"வெடிச்சிரும். ஒரு ஊர்ல ஒருத்தரு இப்படித்தான் எட்டிப் பாத்தாராம். கண்ணு ரெண்டும் போச்சு."

"அப்ப எனக்குப் பாதி நட்டந்தான்" என்று சிரித்து மாமனார் இன்னும் குனிந்தார்.

நேற்றைய பிசின் இன்னும் என் நகக்கண்ணில் கல்லாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை.

கொதிகலனுக்குள் கொடகொடவென்று சத்தம் ஏறியது. குமிழ் அசையவில்லை. மாமியார் முதுகில் ஒட்டிக்கொண்டு, "அத்தே, அந்த வெளக்க அணைக்கச் சொல்லுங்க" என்றேன்.

மாமியார் திரும்பி என்னைப் பார்த்த பார்வை!

"நல்ல நாளும் அதுவுமா வெளக்க அணைக்கணுமாம்! வாயக் களுவுட்டி."

சுவரோரத்துப் பெண்கள் 'சிவ சிவா' என்றார்கள்.

"இல்லத்தே, மாமாவுக்குக் கண்ணு..."

"கண்ணப் பத்தி வேற பேசுதியா? போயி பானக்கம் எடுத்தா, போ."

"இன்னும் சூடு ஏறல போலுக்கு" என்றார் அவர், கைகாட்டி நூலைப் பிடித்தபடி. கொதிகலன் தகடு சேரும் தையலில் ஒரு சொட்டுத் தண்ணீர் துளிர்த்துச் சுர்ரென்று தெறித்தது. சின்ன எஞ்சின் நடுங்க ஆரம்பித்தது. தண்டவாளம் அதோடு சேர்ந்து கிணுகிணுவென்று அடித்துக்கொண்டது. மாமனார் மூக்கு நுனிக்கும் குமிழுக்கும் நடுவில் நான்கு விரல் இருந்தால் அதிகம். இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு கண்ணைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

நான் எழுந்து போனேன். பாலத்தைத் தட்டிவிட்டு, தாம்பாளத்தைத் தூக்கி, தாமிரபரணி முழுவதையும் எஞ்சின் தலையில் ஊற்றினேன். அதாவது எஞ்சின் தலையிலும் மாமனார் தலையிலும்.

விளக்கு அணைந்தது. புகை கிளம்பியது. மலை கரைந்து குகை மூடிக்கொண்டது. மாமியார் தலையில் கை வைத்து, "ஐயோ, பித்துப் பிடிச்சவளையில்லா கட்டிட்டு வந்திருக்கோம்!" என்றார்.

வீட்டுக்காரர் எஞ்சினைத் துணியில் பிடித்துத் தூக்கினார். ஆறட்டும் என்று காத்திருந்து குமிழை நெம்பினார். வரவில்லை. ஊசியால் குத்தினார், வரவில்லை. கடைசியில் பேனாக்கத்தி முனையால் கீறியபோது, சுட்டுக் கறுத்த ஒரு துண்டு தெறித்து மாமனார் மடியில் விழுந்தது. மாமனார் அதை எடுத்து, ஒற்றைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, பிறகு மோந்து பார்த்தார். சந்தனம்.

வீட்டுக்காரர் முகத்தில் ரத்தம் இல்லை. மாமனார் தாடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈர விரலால் அந்தக் கண்ணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒருமுறை அல்ல, இரண்டு மூன்று முறை. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"மருமவளே, இனிமே இந்த மாதிரி விசயம்னா எங்கிட்டயே சத்தம் போட்டுச் சொல்லு. அத்த வழியா வந்தா, அது வந்து சேரதுக்குள்ள நான் குருடாயிருவேன்."

மறு வருஷமும் ரயில் வைத்தோம். அவர் விளக்கை ஏற்றியதும், மாமனார் தம் நல்ல கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தெருவே கேட்கும்படி கேட்டார்:

"மருமவளே! பிசின் வச்சியா?"

"இல்ல மாமா!"

"குமிழ ஆட்டிப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா!"

அவ்வளவு சொல்லியும் மாமனார் கையை எடுக்கவில்லை. நானும் தாம்பாளத்தைக் கையிலெடுத்துத் தயாராக நின்றேன். உஸ்ஸென்ற சத்தம் வரும்வரை பாலத்துக்கு அடியில் ஆறு கிடையாது.