ரோவீனாவின் முதல் வகுப்புப் பொய்

அமெரிக்காவின் வட ஓரத்து ஏரிக்கரை ஊரான துலூத்தில் பிப்ரவரி வந்தால் ஏரிக்கும் வானத்துக்கும் ஒரே நிறம். அந்த ஊர்க் கல்லூரியில், அறிவியல் பக்கம் தலைவைத்துப் படுக்காத பிள்ளைகளுக்குப் பிரபஞ்சத்தைச் சொல்லிக்கொடுத்தவள் ரோவீனா ஸ்கோக்லண்ட். வெல்டிங் படிப்பவர்கள், நர்ஸிங் படிப்பவர்கள், இன்னும் எதுவும் முடிவு செய்யாதவர்கள். அவளுக்கு நிரந்தர வேலை கிடையாது. ஒவ்வொரு பருவமும் துறைத்தலைவர் க்ளென் கூப்பிட்டால்தான் வகுப்பு. க்ளென் அவளுக்கு நண்பன். அவன் மனைவி படுத்த படுக்கையாய்க் கிடந்த குளிர்காலம் முழுக்க அவன் வீட்டு அடுப்பில் காட்டரிசி சூப் கொதித்தது என்றால், அது ரோவீனாவின் கைவேலை.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் வகுப்பில் தெரிந்தே ஒரு பொய் சொல்வாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் கேலக்ஸிகள் நம்மைவிட்டு விலகி ஓடுகின்றன, தூரத்தில் இருப்பவை இன்னும் வேகமாக. ஆகவே நாம்தான் நடுவில் இருக்கிறோம் என்பாள். பிள்ளைகள் அதை நம்பிக்கொண்டு ஒரு வாரம் திரிய வேண்டும். அடுத்த வாரம் எல்லோரையும் கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்துப்போவாள். நீளமான எலாஸ்டிக் நாடாவை ஆளுக்கோர் இடத்தில் பிடிக்கவைத்து, இரு முனைகளையும் இழுக்கச் சொல்வாள். நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒவ்வொருவரும், மற்றவர்கள் எல்லோரும் தன்னைவிட்டே விலகுவதாகச் சொல்வார்கள். எல்லோருமே நடுவென்றால் எப்படி என்று கேட்பாள். யாராவது ஒருவர், அப்படியானால் நடுவே கிடையாது என்று முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்புக்காகத்தான் அவள் பாடம் நடத்தினாள்.

போன வருடம் க்ளென் ஒரு கேமராவோடு வந்து அவள் வகுப்புகளைப் படம்பிடித்தான். பனியில் கல்லூரி மூடும் நாட்களுக்கு உதவும் என்றான். நாடா வகுப்பை மட்டும் எடுக்கவில்லை. ஏரிக்காற்றில் பேச்சு பதியாதாம். இந்தப் பருவம் ஆள் சேரவில்லை, வகுப்பு இல்லை என்று போனில் வருத்தப்பட்டான். அவள்தான் அவனுக்கு ஆறுதல் சொன்னாள்.

நேற்று மளிகைக் கடையில் பில் போடும் பெண் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். பெயர் டெஸ்ரே, நர்ஸிங் மாணவி.

"மிஸ், உங்க கிளாஸ்லதான் இருக்கேன். ஆன்லைன்ல. வீடியோவுல உயரமாத் தெரியுறீங்க."

"எந்த கிளாஸ்?"

"இந்தப் பருவம்தான். நாமதான் நடுவுல இருக்கோம்னு சொன்னீங்களே, உடனே எங்கம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். சந்தோஷத்துல அழுதுட்டாங்க."

ரோவீனா முட்டையையும் ரொட்டியையும் அப்படியே விட்டுவிட்டுக் கல்லூரிக்கு ஓட்டினாள். க்ளென் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பதிவு கல்லூரிக்குச் சொந்தம், முடிவு மேலிடத்தில் எடுத்தது, நேரில் சொல்ல வாய் வரவில்லை என்றான். அவன் மேசைமேல் அவளுடைய சூப் கிண்ணம் இருந்தது. அதில் பேனாக்கள்.

"என்னைத் தூக்கினது போகட்டும். அந்தப் பொய்யை எதுக்கு விட்டு வச்சே?"

"ஒருத்தரும் புகார் பண்ணல, ரோ."

"பரீட்சையில?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கேள்வியெல்லாம் உன் பேச்சுலேர்ந்து கம்ப்யூட்டரே எடுத்தது. நீ சொன்னதுதான் அதுல சரியான விடை."

பேனாக்களை மேசையில் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

திரும்பக் கடைக்குப் போனபோது டெஸ்ரேவுக்கு இடைவேளை. கார் டிக்கியில் பழைய நாடா கிடந்தது. ஒரு முனையைத் தள்ளுவண்டியில் கட்டி, மறுமுனையைத் தானே பிடித்து இழுத்தபடி, அந்தப் பெண்ணை முதலில் நடுவில் நிறுத்தினாள், பிறகு ஓரத்தில். எங்கே நின்றாலும் வண்டியும் ரோவீனாவும் அவளைவிட்டுத்தான் விலகுவதாகத் தெரிந்தது. டெஸ்ரே நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நடுன்னு ஒண்ணு இல்லவே இல்லையா மிஸ்?"

அதே முணுமுணுப்பு. ரோவீனா மூச்சை விட்டாள்.

"சரி, வெள்ளிக்கிழமை டெஸ்ட் இருக்கே," என்றாள் டெஸ்ரே. "மார்க் குறைஞ்சா நர்ஸிங்ல வச்சுக்க மாட்டாங்க. எதை எழுதட்டும்?"

ரோவீனா நாடாவைக் கையில் சுற்றி முடித்தாள்.

"வீடியோவுல இருக்கிறவ சொன்னதையே எழுதும்மா."

டெஸ்ரே தலையாட்டிவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.