அக்காவுக்கு ஒரு பாஸ்

போன சனிக்கிழமை எங்கள் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில், ஒரு மாலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். யாருக்காக? ஆட்டத்தை விட்டுப் பல வருடமான ஒரு பிரேசில் காற்பந்துக்காரருக்காக!

பெயரைச் சொல்ல மாட்டேன்... சொன்னால் நீங்களும் உங்கள் கதையை ஆரம்பித்துவிடுவீர்கள்.

எனக்கு முன்னால் நின்ற பையன்கள் அவர் ஆடி முடித்த பிறகு பிறந்தவர்கள். பின்னால் வீல்சேரில் ஒரு சீனப் பெரியவர். எல்லார் மேலும் அதே மஞ்சள் ஜெர்சி. நம் ஊரில் ரிடையர் ஆனவரை மறுநாளே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். இவருக்கு மட்டும் — தொப்பை விழுந்த பிறகும் — எப்படி இவ்வளவு கூட்டம்? ஒன்று கவனித்தேன். எல்லாரும் அவரோடு போட்டோ எடுத்தார்கள். எடுத்ததும் பெரிதாக்கிப் பார்த்தது தங்கள் முகத்தைத்தான்.

என்னை இழுத்துக்கொண்டு போனது என் அக்கா. வயது ஐம்பத்தெட்டு. பாயான் லெப்பாஸில் முப்பது வருடம் ஃபேக்டரி வேலை பார்த்தவர். கையில் காய்கறி வாங்கும் பசார் பை. பைக்குள் ஒரு பந்து.

சின்ன வயதில் பாகான் டாலாம் திடலில் அண்ணனும் நானும் ஆடுவோம். அக்கா கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பார். லோங்காங் சாக்கடையில் விழுந்த பந்தை எடுத்து, சேற்றைக் கழுவி எங்களிடம் போடுவது அவர் வேலை. "நானும் வரட்டா?" என்று தினமும் கேட்பார். "பொம்பளப் புள்ளைக்கு என்னா பந்து?" என்பான் அண்ணன். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அக்கா கேட்பதை எப்போது நிறுத்தினார்? நினைவில்லை. பிற்பாடு டிவியில் இந்த பிரேசில்காரர் ஆடும்போதெல்லாம், சோபாவில் அக்காவின் வலது கால் மட்டும் சும்மா இருக்காது.

எங்கள் முறை வந்தது. ஆளுக்குப் பத்து வினாடி. அக்கா பந்தை வெளியே எடுத்தார்.

"அக்கா, சைன் போட மாட்டாரு. போட்டோ மட்டும்தான்லா," என்றார் செக்யூரிட்டி.

"சைன் யாருக்கு வேணும் தம்பி?"

செருப்பைக் கழற்றினார். பந்தைத் தரையில் வைத்தார். ஐயோ அக்கா, மானம் போகுது! மெல்ல அந்த பிரேசில்காரர் பக்கம் தட்டிவிட்டார்.

காலையிலிருந்து எல்லாருக்கும் ஒரே சிரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், குனிந்து பந்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். முகமே மாறிவிட்டது. பாதத்தால் லேசாக இழுத்து... பாஸ்! நேராக அக்காவின் வலது காலுக்கு. அக்கா நிறுத்தித் திருப்பித் தட்டினார். மறுபடியும் வந்தது. வரிசை மொத்தமும் கை தட்டியது. போட்டோ எடுக்க வேண்டிய நான், போனைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "போட்டோ எடுக்கலக்கா..."

"போட்டோ கெடக்குதுலா. யாராச்சும் ஒரு பாஸ் குடுப்பாங்களான்னு, அந்தக் கம்பத்துக்குப் பின்னால எத்தன நாளு நின்னுருப்பேன் தெரியுமா தம்பி?"

அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நம் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத மனிதருக்கு அது புரியப் பத்து வினாடி போதுமாயிருந்தது.

அந்த நாட்களில் பந்து என் காலடியில்தானே இருந்தது?