பிரேக்கக்கா வக்கீல் தேடிய கதை

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நெடுங்காலமாக நடத்திவந்தவள் அவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்தியே தொண்டை கரகரத்துப் போனதால் எல்லோருக்கும் அவள் பிரேக்கக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தமாக ஒரு மாடி வீடு, இரண்டு கார், கடைத்தெருவில் ஒற்றை அறை அலுவலகம். கணவனை விட்டு வந்த தங்கை அவளோடுதான் இருந்தாள். பள்ளிக்கு வரும் போனை எடுப்பது, யாருக்கு எப்போது வகுப்பு என்று முடிவுசெய்வது, பணம் கட்டாதவர்களைத் துரத்துவது எல்லாம் தங்கை பொறுப்பு. கூடப் பிறந்த தம்பி ஒருவன், மனைவியோடும் இரண்டு மகன்களோடும் நாலு தெரு தள்ளிக் குடியிருந்தான்.

ஒருமுறை பித்தப்பைக் கல்லுக்காக பிரேக்கக்காவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துத் தம்பி கட்டிலருகே நின்று மனைவியிடம் போனில் பேசினான்.

"மாடி பெரியவனுக்கு, கீழ் வீடு சின்னவனுக்கு. வேற யாருக்குப் போகப்போகுது? சின்ன அக்காவா? அவளுக்குப் பின்னால ஒரு ரூம் ஒதுக்கிக் கொடுத்தா முடிஞ்சுது."

தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்துதான் அவள் எழுந்து உட்காரவில்லை. உயிரோடு கிடக்கும்போதே பாகம் பிரிக்கிறான்! அதுவும் அவள் கட்டிய வீட்டை!

வீடு திரும்பியதும் உயில் எழுதப்போவதாக அறிவித்தாள். தம்பி முகம் மலர்ந்தது. "எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரு, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான். சரி, என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று போனாள்.

அந்த வக்கீல் அவளுக்கு நாற்காலி காட்டியதோடு சரி. பேச்செல்லாம் தம்பியோடுதான். வீடு யார் பேரில், எத்தனை சதுர அடி, கடன் உண்டா. அவள் பதில் சொன்னால் தம்பியைப் பார்த்துத் தலையாட்டினார். கடைசியில் அவனிடமே கேட்டார்: "அக்காவுக்கு ஞாபகசக்தியெல்லாம் நல்லா இருக்கில்ல?"

"நல்லாவே இருக்கு சார்" என்றாள் பிரேக்கக்கா. "உங்க பையன் என் கார ரிவர்ஸ்ல எடுத்து லைட் கம்பத்துல மோதினது, நீங்க போன் பண்ணிக் கெஞ்சினது, எல்லாம் ஞாபகம் இருக்கு. வரட்டுமா?"

அடுத்தவர் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய அலுவலகக்காரர். அவரிடம் தனியாகப் போனாள். அவள் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு உள்ளே யாரிடமோ கைகாட்டினார். காபி ஆறுவதற்குள் உயில் அச்சாகி வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தாள். 'என் அருமை மனைவிக்கு' என்று இருந்தது.

"யாரு சார் இந்த மனைவி?"

"டைப்பிங் மிஸ்டேக் மேடம். பழைய ஃபைல்ல இருந்து வந்திருக்கும், மாத்திக்கலாம்."

"எனக்குக் கல்யாணமே ஆகல. நீங்க பொண்டாட்டியே கட்டி வெச்சிட்டீங்க! இன்னும் உள்ள யார் யார் வீட்டுச் சொத்தெல்லாம் இருக்கோ!"

தெருவில் இறங்கி நடந்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. அழக்கூடாதென்று வழியில் போன ஆட்டோவைத் திட்டினாள்.

மூன்றாவது வக்கீலைப் பற்றிச் சொன்னவள் வண்டி பழக வந்த ஒரு நர்ஸ். "எங்கப்பா போனப்புறம் நாங்க அஞ்சு பேரும் சண்டை போடாம இருக்கோம்னா அந்தம்மா எழுதின உயில்தான் காரணம்" என்றாள். பிரேக்கக்கா முதலில் போன் செய்து, உயில் வேலை வழக்கமாகச் செய்வதுண்டா, கட்டணம் எவ்வளவு, அதைத் தாளில் எழுதித் தருவீர்களா என்று குறுக்கு விசாரணையே நடத்தினாள். எதிர்முனை சலிக்காமல் பதில் சொன்னது.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே சின்ன அறை. எப்படியோ மோப்பம் பிடித்துத் தம்பியும் படியேறி வந்து உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க கொஞ்சம் கீழ இருங்க" என்றாள் வக்கீலம்மா.

"நான் அவங்க தம்பிங்க."

"அதனாலதான் சொல்றேன்."

அவன் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓய்ந்தது. பிறகு பிரேக்கக்கா மளமளவென்று கொட்டினாள்: வீடு, கார், பள்ளி எல்லாம் தங்கைக்கு, தம்பிக்குத் தம்பிடி கூடக் கிடையாது.

"தங்கச்சிகிட்ட கேட்டீங்களா?"

"என் சொத்து, நான் கொடுக்கிறேன். அவகிட்ட என்ன கேக்கிறது?"

"உங்களுக்கு முன்னால அவங்க போய்ட்டா யாருக்கு? தம்பி கேஸ் போட்டா அவங்க கோர்ட்டுக்கு அலைவாங்களா? கேட்டுட்டு வாங்க, எழுதலாம்."

இவளும் சொன்னதைக் கேட்காத வக்கீல்தானா என்று பிரேக்கக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே வேகத்தில் அலுவலகத்துக்குப் போய்த் தங்கையிடம், எல்லாம் உனக்குத்தான் என்றாள். தங்கை சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள்.

தங்கை போனைக் கீழே வைத்தாள். "அவன் எனக்கு ரூம் ஒதுக்கினான், நீ வீடு ஒதுக்குற. ரெண்டு பேருமே எனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை கேட்டீங்களாக்கா?"

வாசலில் ஒரு மாணவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"என்னடி வேணும்?" என்றாள் பிரேக்கக்கா கடைசியில்.

"ஸ்கூல் வேணும். நீ போனப்புறம் இல்ல, இப்பவே. இத்தன வருஷமா நானும்தான் நடத்துறேன், போர்டுல உன் பேர் மட்டும் இருக்கு. வீட்டுல கடைசிவரைக்கும் யாரும் என்னைக் கிளப்பக் கூடாது, அவ்வளவுதான். அப்புறம் யாரு வேணா எடுத்துக்கட்டும்."

அப்படியேதான் எழுதப்பட்டது. பள்ளியில் தங்கை சரிபாதிப் பங்காளி ஆனாள். மீதிப் பாதியும் பின்னால் அவளுக்கே. வீடு தங்கை ஆயுள் முழுக்க அவளுக்கு, அதற்குப் பிறகு தம்பியின் மகன்களுக்கு. ஒவ்வொரு பக்கத்தையும் வக்கீலம்மா வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். சொத்தில் பங்கில்லாதவர்கள்தான் சாட்சியாக வேண்டும் என்பதால் நர்ஸும் ஜெராக்ஸ் கடைக்காரரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தம்பி வந்து நகல் கேட்டான். "நான் செத்தப்புறம் படிச்சுக்கோ" என்று கதவருகிலேயே நிறுத்தி அனுப்பினாள். மகன்களை அவள் மறக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் தணிந்திருப்பான். சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே கேட்ட பேச்சு ஆறவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் தங்கை மூன்றாவது கார் ஒன்றை வாங்கப்போவதாகச் சொன்னாள். பிரேக்கக்கா கூடாது என்றாள். இரண்டு நாள் வீட்டில் ஒரே கூச்சல். மூன்றாம் நாள் கார் வந்து நின்றது. சாவியை வாங்கி முதலில் ஓட்டிப் பார்த்தவள் பிரேக்கக்காதான், திட்டிக்கொண்டே.