திருப்பி அடிக்கிற சாமி

பக்கிரிசாமி கெட்டவர் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில் அவருக்கு நல்ல பேர். தண்டவாளத்தில் சம்மட்டி அடிக்கிறவர், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவர், கள்ளுக்கடையில் நாலு பேருக்கு வாங்கிக் கொடுக்கிறவர். வீட்டுக்குள்ளே மனைவி இராஜம்மாவைப் போட்டு மிதிப்பது அந்த நல்ல பேரை ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே அடி விழுந்தால் எங்கள் பக்கத்தில் மாட்டியிருந்த சல்லடை ஆடும்.

முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது அப்படித்தான். ஐந்தாம் மாதம், அடிவயிற்றில் ஓர் உதை. ரத்தத்தை நானும் என் அம்மாவும் கழுவினோம். அவர் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அதைப் பார்த்து லயமே உருகியது. நான் உருகவில்லை.

மறுநாள் மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிமேல் அவளைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். சூடம் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் ஆத்தா அம்மை போட்டுக் கொண்டுபோய்விடுவாள் என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவரும் நம்பித்தான் செய்தார். ஆனால் தீபாவளிக்குக் குடித்துவிட்டு வந்து அவளை விறகுக்கட்டையால் அடித்தார். போதை தெளிந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டு, உடம்பில் முத்து தெரிகிறதா என்று தடவித் தடவிப் பார்த்து நடுங்கினார். ஒரு கொப்புளம்கூட வரவில்லை. அத்தோடு அவருக்கு ஆத்தாவிடம் பயம் விட்டுப்போனது. அதற்குப் பிறகு இராஜம்மா முகத்தில் வீக்கம் வடிந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த நிலையில்தான் அவள் மறுபடி உண்டானாள். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு ஒரு சாயங்காலம் அவள் சொன்னது பலகைக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது.

"இந்தப் புள்ளயும் போச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன். எந்தச் சாமிக்கு நீங்க பயப்படுவீங்களோ அந்தச் சாமியத் தேடிக் கண்டுபுடிங்க. எந்த மதமா இருந்தாலும் நான் கூட வரேன்."

அந்த மனுஷன் நிஜமாகவே கிளம்பிவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் மதத்துக்குப் பஞ்சமா? கூப்பிடு தூரத்தில் கோயில், மாதாகோயில், பள்ளிவாசலுக்குப் போகிற பாய்மார், சிங்களவர்களின் புத்த விகாரை, எல்லாம் உண்டு. வேதமோ தத்துவமோ அவருக்கு வேண்டியதில்லை. போன இடத்திலெல்லாம் கேட்டது ஒரே கேள்வி. சத்தியத்தை மீறிப் பெண்டாட்டியை அடித்தால் உங்கள் சாமி என்ன செய்யும்?

மனம் திருந்தி அழுதால் ஆண்டவர் மன்னிப்பார் என்றார் மாதாகோயில் உபதேசியார் ஜெயராஜ்.

"அழுக எனக்கு நல்லாவே வருங்க, அதுல பிரயோசனம் இல்ல" என்று இவர் எழுந்து வந்துவிட்டார்.

சாயாக்கடை பாயிடம் இவருக்குக் கொஞ்சம் உரிமை அதிகம். பக்கிரிசாமி என்ற பேரே நாகூர் தர்காவில் நேர்ந்துகொண்டு வைத்தது.

"ஒண்ணொண்ணுக்கும் தீர்ப்பு நாள்ல பதில் சொல்லணும்பா" என்றார் பாய். "அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்டப் போய் மன்னிப்புக் கேளு."

"தீர்ப்பு நாள் எப்ப வரும் பாய்?"

"அது அல்லாவுக்குத்தான் தெரியும்."

விகாரையில் இருந்த பிக்கு தெரிந்த தமிழில், அடிக்கிற சாமி எங்களிடம் இல்லை, செய்த வினை அடுத்த பிறவியிலும் விடாது என்றார். அடுத்த பிறவி வரைக்கும் பொறுக்க முடியாதே என்று இவருக்கு அலுப்பு. கடைசியில் நரகங்களை விசாரிக்கத் தொடங்கினார். துணிக்கடைக்குப் போனவரைப் போல ஒவ்வொரு மதத்து நரகத்தையும் விரித்துப் பார்த்தார். எங்கே எண்ணெய்க் கொப்பரை, எங்கே நெருப்பு, எது எத்தனை காலம் என்று அவரோடு வேலை செய்கிறவர்கள் கள்ளுக்கடையில் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். இராஜம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிவு பண்ணிட்டேன். எந்த நரகம் முடியவே முடியாதோ, அந்த மதத்துல சேந்துருவோம். அப்பத்தான் எனக்குப் பயம் இருக்கும்."

"நரகம் செத்தப்புறந்தானே" என்றாள் அவள். "நான் உசுரோட இருக்கேனே."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவ்வளவுதான். சல்லடை ஆடியது.

நான் ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். அவள் உதடு கிழிந்து, வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு, அம்மிக்குப் பக்கத்தில் கிடந்தாள். அவர் வலது கையை அம்மியில் ஊன்றிக் குனிந்து, இடது கையால் அவள் தலைமுடியைப் பிடித்தார். அவள் குழவியை இரண்டு கையாலும் தூக்கினாள். ஊன்றிய கைமேல் போட்டாள். எலும்பு நொறுங்கும் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். அவர் அலறி முடிப்பதற்குள் இன்னொரு முறை போட்டாள். மிளகாய் விழுதோடு ரத்தம் கலந்து அம்மியிலிருந்து வழிந்தது. எனக்கு அவர்மேல் துளி இரக்கம் வரவில்லை.

அவளேதான் கையைத் துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன். அங்கே காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரெசர் விநாயகமூர்த்தி, யாழ்ப்பாணத்துக்காரர், கட்டை அவிழ்த்துப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது எப்பிடி நடந்தது?"

"தண்டவாளம் விழுந்துருச்சுங்க" என்றார் பக்கிரிசாமி.

டிரெசர் இராஜம்மாவின் உதட்டைப் பார்த்தார். பிறகு பதிவுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"நீர் என்ன சமயம்?"

ஊரெல்லாம் விசாரித்துத் திரிந்த மனுஷன் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"இன்னும் பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாள் அவள்.

பெண் குழந்தை முழுசாகப் பிறந்தது. பக்கிரிசாமியின் வலது கை விரல்கள் அதன் பிறகு மடங்கவே இல்லை. சம்மட்டி வேலை போய், ரயில்வே கேட்டில் கொடி காட்டுகிற வேலை கிடைத்தது. இடது கைக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கையால் கொடி பிடித்தார், மகளைத் தூக்கினார், கள்ளும் குடித்தார். இராஜம்மாமேல் அதை ஓங்கியதில்லை. சாகும்வரை எந்தக் கோயிலுக்கும் அவர் போகவில்லை. வீட்டுக்குள் அம்மியைக் கடக்கும்போது மட்டும், கால் பட்டுவிடாமல் ஒதுங்கி நடப்பார்.