வீட்டுக்கு ஒரு பிடி அரிசி

கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வாடிக்கையாளர் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். அதை விட்டுவிட்டு வல்வெட்டித்துறையில் தனியாக ஒரு மா மில் போடப்போகிறேன் என்றதும் ஊரில் எங்கள் முன்வீட்டு மாமி சொன்னார்: “அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாத்தான் முடியப்போகுது, பார்.”

“எனக்கு அரசனும் இல்லை, புருசனும் இல்லை மாமி. ஆரைக் கைவிட?”

“வாய் மட்டும் இருக்கு. வாயை வைச்சு மா அரைக்கேலாது பிள்ளை.”

மாமி சொன்னதிலும் ஞாயம் இருந்தது. ஆள் வைக்க வசதியில்லை. மெஷினும் ஒன்றுதான், மற்ற மில்களில் மாவுக்கு ஒன்று, மிளகாய்த்தூளுக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும். வந்த சனம் குறைவென்பதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஒருவர் தூள் அரைத்துக்கொண்டு போனால், மெஷினைக் கழற்றிக் கழுவிக் காயவிட்டு அடுத்தவருக்காகக் காத்திருப்பேன். காத்திருக்க நேரம் தாராளமாக இருந்தது.

பிறகு ஆடிப்பிறப்பு வந்தது. அன்றைக்குக் கூழும் கொழுக்கட்டையும் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. அதற்கு முதல்நாள் விடிய நான் கதவைத் திறக்க, மில் வாசலிலிருந்து ஒழுங்கை முனைவரை சனம். அவர்கள் வழமையாகப் போகும் சந்தி மில்லில் மோட்டர் எரிந்துபோய்விட்டதாம். எல்லார் கையிலும் ஊறவைத்து வடித்த பச்சையரிசி. மத்தியானத்துக்குள் அரைக்காவிட்டால் புளித்துவிடும். இன்றைக்கு நல்ல மா கொடுத்தால் இவர்கள் திரும்பவும் வருவார்கள். கெடுத்தேனென்றால் கதவைச் சாத்திவிட்டுக் கொழும்பு பஸ் ஏற வேண்டியதுதான்.

கம்பனியில் என் உத்தியோகமே வரிசையை ஒழுங்குபடுத்துவது. முதலில் வந்தவருக்கு முதலில். வாசலில் முதலாவதாக ஒரு சட்டி இருந்தது. வைத்தவர் மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார். மற்றவர்கள் வெளியில் கதைத்துக்கொண்டு நிற்க, நான் அந்தச் சட்டியைத் தூக்கி மெஷின் வாயில் கொட்டிச் சுவிச்சைப் போட்டேன். வறுத்த செத்தல் மிளகாயும் மல்லியும் என்று கண்ணுக்குத் தெரிந்தது, புத்திக்குத் தெரியவில்லை.

முதலில் தும்மியது யாரோ ஒருவர். பிறகு ஒழுங்கையே தும்மியது.

“ஆரடி தூளைப் போட்டது?” சீலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாமி உள்ளே வந்தார்.

“முதல் வந்தது அதுதானே மாமி…”

“மா எல்லாம் அரைச்சு முடியத்தான் தூள் எண்டு உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? நாளைக்குக் கொழுக்கட்டைக்குள்ளை பயறும் சக்கரையும் வைக்கிறதோ, கணவாய்க் கறி வைக்கிறதோ?”

தூளை அள்ளிச் சட்டியில் போட்டுவிட்டு நின்றேன். மெஷினைக் கழுவிக் காயவைக்க மத்தியானம் தாண்டும்.  அது நான் சொல்லாமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாமி தன் அரிசிப் பேசினுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி மெஷினில் போட்டார். சுவிச்சைப் போட்டேன். செங்கல் நிறத்தில் மா வந்தது. பின்னால் நின்றவர் ஒரு பிடி போட்டார். அவருக்குப் பின்னால் அடுத்தவர். எவ்வளவு போடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை; ஒருவரும் சொல்லவுமில்லை. ஏச்சு மட்டும் ஓயவில்லை.

“கொழும்பிலை இதைத்தான் படிச்சவவோ?”

“படிச்சதையும் உதுக்குள்ளை போட்டு அரைச்சிட்டா போலை.”

அந்த ஏச்சுகளை இன்றைக்கும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். வாய் ஏசிக்கொண்டேயிருந்தது, கை அள்ளிப் போட்டுக்கொண்டேயிருந்தது. எத்தனையோ வரிசைகளை நான் பார்த்தவள். தனக்கு முன்னால் ஒருவர் புகுந்துவிட்டார் என்று மேசையில் அடித்தவர்களைத்தான் எனக்குத் தெரியும். அடுத்தவரின் மா வெள்ளையாக வரட்டும் என்று தன் அரிசியைச் சிவப்பாக்குகிற வரிசையை அன்றுதான் கண்டேன். 

சின்னப் பையோடு நின்ற ஒரு அக்காவை மறித்தேன். “நீங்கள் போடாதேங்கோ அக்கா. கொஞ்சம்தானே வைச்சிருக்கிறியள்.”

“ஏன், என்ரை அரிசி வெள்ளையில்லையோ?” என் கையைத் தட்டிவிட்டுப் போட்டார்.

அதற்குள் மீன் பையோடு தூளின் சொந்தக்காரி வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அந்தச் சிவத்த மாவை எனக்குத் தாருங்கோ. ரொட்டி சுட்டு மனுசனுக்குக் குடுக்கிறன். கொஞ்சநாளா ரோசமில்லாமல் திரியிறார்.”

நிறம் மாறிக்கொண்டு வந்தது. செங்கல், பிறகு செவ்விளநீர், பிறகு சங்கு. ஆனால் உறைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லையே. மாமி மெஷினை நிறுத்தச் சொல்லி, கடைசியாக விழுந்த மாவில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தார். அப்போதுதான் ஒழுங்கை ஏசுவதை நிறுத்தியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமி கண்ணைத் திறந்தார். குனிந்து, பேசினை இரண்டு கையாலும் தூக்கி, மிச்ச அரிசி முழுவதையும் மெஷின் வாயில் கொட்டினார்.

“என்ன மலைச்சுப்போய் நிக்கிறாய்? போடு சுவிச்சை. பின்னாலை சனம் நிக்குது.”