வெல்ஷ் மண்டபத்தில் எம்ரிஸ் கை தட்டிய நாள்

1. கதிரை அடுக்குகிறவள்

மண்டபத்தைத் துப்புரவாக்கிக் கதிரை அடுக்கும் வேலைக்குப் போன முதல் நாளே ஏச்சு வாங்கினேன். மேடையில் ஒரு பெரிய ஓக் மரக் கதிரை இருந்தது. களைப்பாக இருந்ததால் அதில் போய் இருந்துவிட்டேன்.

"ஐயோ அன்ரி, எழும்புங்கோ! உதில இருந்தால் என்ர கொன்ராக்ற் போயிடும்" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான் சிவநேசன். துப்புரவு கொன்ராக்ற் அவனுடையது. மோர்னிங்சைட்டில் எங்கள் பில்டிங்கில் இருந்தவன்தான் எனக்கு அந்த வேலையைத் தந்தான்.

"கதிரை எண்டால் இருக்கிறதுக்குத்தானே?"

இல்லையாம். அது ரொறன்ரோவில் வாழும் வெல்ஷ் சனத்தின் மண்டபம். வேல்ஸ் என்பது இங்கிலாந்துக்கு மேற்கே, நிலக்கரிச் சுரங்கங்களை நம்பிப் பிழைத்த சின்ன நாடு. வருடத்துக்கு ஒருமுறை இவர்கள் பாட்டும் கவிதையுமாக ஒரு போட்டி விழா வைப்பார்கள். கவிதையில் வென்றவரைத்தான் அந்தக் கதிரையில் இருத்துவார்கள். எல்லாரும் புனைபெயரில் எழுதி அனுப்ப வேண்டும்; எழுதியவர் யார் என்று நடுவருக்கும் தெரியக் கூடாது. வென்ற புனைபெயரைக் கூப்பிட்டதும் அதற்கு உரியவர் சபையில் எழுந்து நிற்பார். தோற்றவர் யார் என்று வெளியே வராது. ஒன்றுமே தரமில்லை என்றால் அந்த வருடம் கதிரை ஒருவருக்கும் இல்லை.

என்ன விசர்ச் சனமடா என்று நினைத்துக்கொண்டு மொப்பை எடுத்தேன்.

2. சுரங்கத்து வருடம்

எம்ரிஸ் அந்தச் சனத்தில் ஒரு வயதானவர். பக்கத்து ஊரான பிக்கரிங்கிலிருந்து ரெயினில் வருவார். மண்டபத்துக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் இருந்து எழுதுவார். நான் தரை துடைக்கும்போது இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு கதை சொல்லுவார். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் நினைவில் நிற்கிறது.

"என்ர தாத்தாவும் அவற்ற தம்பியும் ஒரே சுரங்கத்தில வேலை. ஒரு வருசம் பெரிய ஸ்ட்ரைக். ஊரே பட்டினி. சேர்ச் கொயர் ஊர் ஊராப் போய்ப் பாடித்தான் பிள்ளையளுக்குச் சூப் காய்ச்சக் காசு சேர்த்தது. அந்தப் பட்டினிக்குள்ளயும் கவிதைப் போட்டியை விடாமல் வைச்சவை, ரீற்றா. ஆனால் தம்பிக்காரன் பிள்ளையளின்ர பசி தாங்கேலாமல் ஸ்ட்ரைக்கை முறிச்சு வேலைக்குத் திரும்பிட்டான்."

"பிறகு?"

"பிறகென்ன? அந்த வருசத்தோட சேர்ச்சும் இரண்டாப் பிரிஞ்சுது. தாத்தா பிறகு தம்பியோட கதைக்கவே இல்லை. தம்பியின்ர செத்தவீட்டுக்கும் போகேல்லை."

எங்களுக்கு இது புதுக்கதையா? ஊரில் ஆயுத இயக்கங்களால் பிரிந்த அண்ணன் தம்பிகள் இங்கே ஒரே கலியாண ஹோலில் ஆளுக்கொரு மூலையில் இருந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அந்த ஒரு வருடத்தைத்தான் எம்ரிஸ் கவிதையாக எழுதிக்கொண்டிருந்தார். எத்தனையோ தரம் போட்டிக்கு அனுப்பி, ஒருதரமும் வெல்லாத மனிதர். மறதி நோய் தொடங்கியிருந்தது. மகள் அவரை விட்பியில் தன் வீட்டுக்குக் கிட்ட ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க ஒழுங்கு செய்துவிட்டாள்.

"வாற வருசம் எனக்குச் சொல்லு வராது ரீற்றா. இந்தமுறை எப்பிடியெண்டாலும் அந்தக் கதிரையில இருந்திடோணும்" என்றார்.

3. தீர்ப்பு

விழா அன்று காலை, பொறுக்கமாட்டாமல் நடுவர் குவெனிடம் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. எம்ரிஸோடு ஒன்றாகப் படித்தவர்.

"மிஸ், அந்த மனுசனுக்கு இதுதான் கடைசி. குடுத்தால் உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீர் ஒண்டும் சொல்லேல்லை. நான் ஒண்டும் கேக்கேல்லை. போய் வேலையைப் பாரும்."

மேடையில் முதலில் தங்கள் மொழியிலும் பிறகு ஆங்கிலத்திலும் தீர்ப்புச் சொன்னார். "வந்ததுக்குள்ள ஒண்டுதான் கவிதை. அந்த வருசத்தின்ர பசி அதில இருக்கு. ஆனால் கடைசியில அண்ணனும் தம்பியும் சேர்ச் வாசல்ல கை குடுக்கினம். எழுதினவரே நம்பாமல் எழுதின வரியள் அவை. இந்தமுறை கதிரை ஒருத்தருக்கும் இல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்நெஞ்சுக்காரி!

தீர்ப்பு எதுவானாலும் சபை கை தட்ட வேண்டும் என்பது அவர்களின் முறை. கடைசி வரிசையில் எம்ரிஸும் தட்டினார். தட்டாவிட்டால், எழுதியவர் அவர்தான் என்று எல்லாருக்கும் தெரிந்துபோகும். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அழுதது நான்தான்.

சனம் தேத்தண்ணிக்குப் போனதும் அவரைக் கையில் பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தேன். "ஒருத்தரும் இல்லை. ஒருக்கா இருந்து பாருங்கோ."

"வேண்டாம் ரீற்றா. குவென் சொன்னது சரி. அவை கை குடுக்கேல்லை. எனக்குத் தெரியாதே?" கதிரையின் கைப்பிடியை ஒருதரம் தடவினார். "நானும் மறந்துபோனால் அவையை ஆர் சேர்த்து வைக்கிறது? அதுதான் ஒருக்காலெண்டாலும் கை குடுக்கட்டும் எண்டு விட்டனான்."

மகள் வந்து காரில் ஏற்றிப் போனாள். அந்தப் பனிக்காலமே விட்பியில் இறந்துபோனார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கதிரை அடுக்க வந்தவர்கள் தீர்ப்பில் தலையிடக் கூடாது. குவென் செய்தது நியாயம். எம்ரிஸே ஒத்துக்கொண்ட நியாயம். ஆனால் நான் என்றால் கொடுத்திருப்பேன். அதனால்தான் என்னை நடுவர் மேசையில் இருத்தவில்லை.